உள்வாய்க்காலில் வந்த பொட்டலம்

அத்தியாயம் ஒன்பது

மோட்டார் ஓடும்போது அதன் சத்தத்தைத் திட்டாதவர்கள் இந்தக் கரையில் கிடையாது. அது நின்றுபோனால் ஒருவருக்கும் தூக்கம் வராது. விலாசினிக்கும் வரவில்லை. விடியும் முன்பே எழுந்து, முன்வாசலுக்குப் போய் ஆற்றைப் பார்த்தாள். பின்வாசலுக்குப் போய் வயலைப் பார்த்தாள். மறுபடியும் முன்வாசலுக்குப் போனாள்.

முன்னால் ஆறு, பின்னால் ஆற்றைவிடத் தாழ்ந்து கிடக்கும் வயல், நடுவில் ஒரு கயிறு போலக் கரை, கரை மேல் வீடுகள். வயல் தண்ணீரை உள்வாய்க்கால் வழியாக இழுத்து, ஏற்றி ஆற்றில் கொட்டும் இயந்திரத்துக்குப் பறை என்று பேர். அது நேற்றுப் பொழுது சாயும் நேரத்தில் பெல்ட் அறுந்து, கருகிய நாற்றத்தோடு நின்றுபோனது. வயலில் இன்னும் முழங்கால் தண்ணீர். விதைநெல்லோ சாக்குக்குள் முளை விட்டு வெள்ளை மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. சீக்கிரம் சேற்றில் விழவில்லை என்றால் அத்தனை சாக்கும் வாத்துத் தீனிதான்.

பறையை ஓட்டுகிறவன் அவள் புருஷன் சதானந்தன். 'கள்ளைக் குடிச்சிட்டுத் தூங்கியிருப்பான்' என்று கரை முழுக்கப் பேச்சு. ஒரு பாடத்தில், அதாவது ஒரு வயல்பரப்பில், தூங்கி மோட்டாரைக் கெடுத்தவன் என்று பேர் வாங்கிவிட்டால், குட்டநாட்டில் வேறெந்தப் பாடத்திலும் அவன் கையில் சுவிட்சைக் கொடுக்க மாட்டார்கள். உச்சி வேளைக்குப் பறைக்கொட்டகையில் கூட்டம் என்று பாடசேகரம் என்னும் வயல்காரர் சங்கத்தின் செயலாளர் அவறாச்சன் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

சதானந்தன் வெளிச்சம் வந்த பிறகுதான் வீடு வந்தான். இடது கையில் துண்டைச் சுற்றியிருந்தான். பால் விடாத கட்டன் சாயாவை வாங்கித் திண்டில் வைத்தான், குடிக்கவில்லை. ஆற்றுப் படியில் இறங்கிச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினான். ஏறி வந்தான். திரும்ப இறங்கிப் போய்க் கழுவினான்.

"பறைக்குள்ள என்ன சிக்கிச்சு சேட்டா?"

"பாசி."

"பாசி கம்பித் தடுப்போட நின்னுடுமே. உள்ள எப்படிப் போச்சு?"

"போச்சு. விடு."

"கையில என்ன?"

"எடீ, ஒரு மனுஷன் ராத்திரி முழுக்கத் தண்ணிக்குள்ள கிடந்துட்டு வந்திருக்கான். கொஞ்சம் வாய மூடு."

அவன் அப்படிப் பேசுகிற ஆளில்லை. குடித்தால்கூடப் பாட்டுத்தான் வரும், ஏச்சு வராது. துண்டு சுற்றிய கையோடு திரும்பவும் கொட்டகைக்கே போய்விட்டான்.

விலாசினி அடுப்புக்கு ஓலை எடுக்க விறகுக் கொட்டிலுக்குப் போனாள். மட்டைக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. செத்த எலியோ என்று மட்டையை விலக்கினாள். பறையின் சுழலும் இரும்பு இலை கிழித்துப் போட்ட நாப்கின்கள், உப்பி, சோற்றுப் பருக்கை போல வெளியே தள்ளியிருந்தன. சுற்றியிருந்தது ஊதா நிறக் கவர். ரான்னித் துணிக்கடைக் கவர். மருமகள் நீதுவின் கல்யாணச் சேலைகள் அந்தக் கவர்களில்தான் இந்த வீட்டுக்கு வந்தன.

விலாசினிக்கு முதலில் வந்தது கோபம்தான். மட்டையை எடுத்து மூடினாள். அந்த மனுஷன் இதை வெறுங்கையால் அறுத்து எடுத்திருக்கிறான். எடுத்ததை யாரும் பார்க்கும் முன்பு கொண்டுவந்து ஒளித்திருக்கிறான். ஒளித்துவிட்டுப் பாசி என்கிறான்.

நீது அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மகன் சுமேஷ் தாலி கட்டிய ஈரம் காயும் முன்பே மஸ்கட்டுக்குப் பறந்துவிட்டான். ரான்னி மலைக்காட்டுப் பெண் இந்தத் தண்ணீருக்குள் தனியாக வந்து மாட்டிக்கொண்டது வாசகர்களுக்குத் தெரிந்த கதைதான். படகில் ஏறும்போது இன்னும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

"நீது, கொஞ்சம் கொட்டிலுக்கு வா."

"இதோ முடிஞ்சிடும் அம்மே."

"தேங்காய் ஓடிப்போயிடாது. வா."

மட்டையை விலக்கிக் காட்டினாள். நீது பார்த்தாள்.

"இது எங்க இருந்து..."

"பறைக்குள்ள இருந்து. உங்க அச்சன் கையால எடுத்தது."

மாமனாரை அச்சன் என்றே கூப்பிடும் நீது அங்கேயே மட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அச்சனா?"

"ஏன்டி வாய்க்கால்ல போட்டே? இந்தக் கரையில ஒரு பொம்பள உள்வாய்க்கால்ல போடுவாளா? சின்னப் புள்ளைக்கும் தெரியும், அது நேரா பறைக்குத்தான் போகும்னு!"

"எனக்குத் தெரியாது அம்மே. ஆத்துல எல்லாரும் குளிக்கிறாங்க. அதுல பல் விளக்குறாங்க, மீன் கழுவுறாங்க. அதுல போய் இதப் போடுறதான்னு..." அவள் மூக்கை உறிஞ்சினாள். "பின்னால யாரும் இறங்குறதில்லையேன்னு நினைச்சேன்."

இந்தக் கரைப் பெண்கள் ஓதம் இறங்கி ஆறு வற்றும் நேரம் பார்த்து, இருட்டியதும் முன்பக்கம் போய் ஆற்றில்தான் விடுவார்கள். விட்டது கடலுக்குப் போகும் என்று ஒரு நம்பிக்கை. காலையில் அதே படியில் இறங்கி வாய் கொப்பளிப்பார்கள். இந்தப் பெண் அதைச் செய்ய மனம் வராமல் பின்னால் போட்டிருக்கிறாள்.

"பொதைக்க வேண்டியதுதானே?"

"பொதைச்சேனே! எங்க ஊர்ல ரப்பர் தோட்டத்துல குழி தோண்டிப் போட்டா முடிஞ்சது. இங்க ஒரு சாண் தோண்டினா தண்ணி வருது. வாழைக்கடியில பொதைச்சது ஆத்துத் தண்ணி ஏறினப்போ மேல வந்துடுச்சு. சுமேஷோட மாமா வந்திருந்தாரே அன்னைக்கு. நான் ஓடிப்போய் முறத்தக் கவுத்தேன்."

"எரிச்சிருக்கலாம்."

"எரிச்சேன். ஈரம், புகைதான் வந்தது. அச்சன் வந்து 'என்னம்மா, கொசுவுக்கா'ன்னு கேட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டார்."

வேறொரு நாளாக இருந்தால் விலாசினி சிரித்திருப்பாள். "என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல? அதுக்குத்தானே உள்ள வைக்கிற அந்த ரப்பர் கப்பு குடுத்தேன்? காசா பணமா, பஞ்சாயத்துல சும்மா குடுத்தது. வருஷக்கணக்கா வரும். அத வச்சிருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?"

நீது தலையை நிமிர்த்தினாள். அழுகை நின்றிருந்தது.

"கேட்டேனே அம்மே. எப்படி வைக்கணும், உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்னு கேட்டேன். 'அதெல்லாம் தானா பழகிடும், நான் வைக்கலியா'ன்னு சொல்லிட்டு மடமடன்னு கோழிக்குத் தீனி போடப் போயிட்டீங்க. அப்புறம் நான் யார்கிட்டக் கேக்குறது?"

கோழிக்குத் தீனி போடப் போனது உண்மை. போனதற்குக் காரணம் கோழி இல்லை. குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தில் மாதவிடாய்க் கப்புக்குப் பொறுப்பு ஏற்றவள் விலாசினி. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள், 'நான் வைக்கிறேன், ஒண்ணும் தெரியாது, பூ மாதிரி' என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தவள். அவளுடைய கப்பு மட்டும் பையைவிட்டு வெளியே வந்ததே இல்லை. பழைய முண்டு வேட்டியைக் கிழித்த துணிதான் அவளுக்கு. இடுப்பளவுத் தண்ணீரில் களை பிடுங்கும்போது அது ஊறித் தொடையை அறுக்கும். அந்த எரிச்சலுக்குப் பழகியவளுக்கு, கப்பைப் பார்த்தால் மட்டும் பயம்.

அதை மருமகளிடம் சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. கொட்டகைப் பக்கம் படகுகள் போகும் சத்தம் கேட்டது. சொல்லாமல் எழுந்து, முண்டு மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கொட்டகை முன்னால் ஆண்கள் வட்டமாக நின்றார்கள். பெண்கள் விதைச் சாக்குகளின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஒரு ஓரமாக. சாக்குக்குள் கையை விட்டால் சூடு. முளைக்கு அவசரம், அது யாருக்காகவும் காத்திருக்காது. சங்கனாச்சேரி மெக்கானிக் உள்ளே ஸ்டார்ட்டரைப் பிரித்துப் போட்டிருந்தான்.

அவறாச்சன் குடையை ஊன்றிக்கொண்டு பேசினார். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் அவர் கரையில் நடப்பதில்லை.

"எடா சதானந்தா, உன்மேல எனக்கு ஒரு விரோதமும் இல்ல. பாசிய வாரிக்கிட்டே இருக்கணும், அதுதான் வேலை. நீ வாரல. ஏன் வாரல? தூங்கிட்டே. அப்படித்தானே?"

சதானந்தன் தரையைப் பார்த்தான். "ஆமா அச்சாயா. கண்ணு அசந்துடுச்சு."

நேற்று விலாசினி கஞ்சி கொண்டுபோனபோது அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாசி வாரிக்கொண்டிருந்தான். கஞ்சிச் சட்டியைக் கையில் வாங்கக்கூட நேரமில்லை, வாயில் ஊட்டு என்றான்.

"ஒத்துக்கிட்டான், பாத்தீங்களா," என்றார் அவறாச்சன். "இனி என்ன பேச்சு? காவாலத்துல ஒரு பையன் இருக்கான், குடிக்க மாட்டான். சாயங்காலமே வரச் சொல்றேன்."

விதை முளைவிட்டு நிற்கும்போது யாருக்கு நியாயம் பேச நேரம்? சதானந்தன் இடுப்பிலிருந்து கொட்டகைச் சாவியை அவிழ்த்தான்.

"அந்தச் சாவிய அங்கேயே வைங்க சேட்டா," என்றாள் விலாசினி.

அத்தனை தலையும் திரும்பியது.

"எடீ, வீட்டுக்குப் போ," என்றான் சதானந்தன். சத்தம் குறைவாக இருந்தது, கண் கெஞ்சியது.

"போறேன். அச்சாயா, இவர் தூங்கல. தூங்கியிருந்தா பெல்ட்டோட நின்னிருக்குமா? இவர் சட்டுன்னு சுவிட்ச அணைக்கலன்னா மோட்டார் காயிலும் எரிஞ்சு கரியாகியிருக்கும். பாசி கம்பியில நிக்கும், உள்ள போகாது. உள்ள போனது வேற."

"வேறன்னா?"

"பொட்டலம்."

"என்ன பொட்டலம்?"

ஆண்களுக்குப் புரியவில்லை. பெண்களுக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் தெளித்த கைகள் நின்றன.

"மாசாமாசம் பொம்பளைங்க போடுற பொட்டலம். வெச்சு எடுத்துப் போடுற நாப்கின். அது மெத்துன்னு இருக்கும், கம்பிக்கு நடுவுல நுழைஞ்சு போயிடும். உள்ள போய் உப்பி, இலையில சுத்திக்கும். என்னோடது. நான்தான் வாய்க்கால்ல போட்டேன்."

ஒருவன் இருமினான். ஒருவன் ஆற்றைப் பார்த்தான். பக்கத்து வீட்டு லீலாமணி வாயைத் திறந்துகொண்டு நின்றாள். அவளும் விலாசினியும் ஒரே கயிற்றில் துணி உலர்த்தியவர்கள். விலாசினி நாப்கினே வாங்குவதில்லை என்பது இந்த உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் அது லீலாமணிக்குத்தான். அவள் விலாசினியைப் பார்த்தாள். கரையின் அந்தக் கோடியில், நீது இருக்கும் வீட்டைப் பார்த்தாள். யாருடைய பொட்டலம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"இவளுக்கு வெக்கம் மானம் எப்பவுமே கிடையாது," என்று லீலாமணி சத்தமாகச் சொன்னாள். "போட்டாலும் போட்டிருப்பா. சோம்பேறி. நாலடி நடந்து ஆத்துல போட முடியலியா உனக்கு?"

"ஆத்துலயா?" என்றான் ஓர் ஆண். "ஆத்துலயா போடுறீங்க?"

"பின்ன உங்க சட்டைப்பையிலயா போடுறது?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. சிரிப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "அப்போ கப்பு? பூ மாதிரின்னு சொன்னியே சேச்சி?"

இதற்குத்தான் விலாசினி பயந்தாள். மோட்டார் பேச்சைவிட இது கடினமாக இருந்தது.

"நான் வச்சதில்ல," என்றாள். "ஒரு தடவகூட. பயம். உங்ககிட்ட எல்லாம் பொய் சொன்னேன்."

லீலாமணி, "அப்பாடி," என்றாள். "நான் மட்டும்தான் வைக்கலையோன்னு இத்தனை நாள் எனக்குக் குத்தம் குத்தமா இருந்தது. என்னோடதுல தலைக்கு எண்ணெய் அளந்து வைக்கிறேன்."

"என் ஆட்டுக்கு மருந்து ஊத்த அதுதான் தோது," என்றாள் இன்னொருத்தி.

அவறாச்சன் குடையால் தரையைத் தட்டினார். காது மடல் சிவந்திருந்தது. "போதும் போதும். இது பாடசேகரக் கூட்டம். பொம்பளைங்க சமாசாரம் எல்லாம் இங்க வேண்டாம்."

"பறைக்குள்ள போயிடுச்சே அச்சாயா, இனி எங்க சமாசாரம் மட்டுமா? இவர் தூங்கலன்னு நீங்க உங்க வாயால சொல்லிடுங்க. நான் போயிடுறேன்."

ஆண்களுக்கு அங்கிருந்து தப்பித்தால் போதும் என்றாகிவிட்டது. "சொல்லிடுங்க அச்சாயா," என்று இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். உள்ளிருந்து மெக்கானிக்கும், "பொழுது சாயறதுக்குள்ள ஓட்டிடலாம்," என்று குரல் கொடுத்தான்.

அவறாச்சன் சதானந்தனைப் பார்க்கவில்லை. விலாசினியைத்தான் பார்த்தார்.

"சரி. அவன் தூங்கல. சாவி அவன்கிட்டயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. இனி ஒரே ஒரு பொட்டலம் வாய்க்கால்ல மிதந்தாலும் அது உன்னோடதுதான், விலாசினி. அன்னைக்கு இந்தச் சாவி என் கைக்கு வந்துடும்."

வீட்டுக்கு வந்தவள் உட்காரவில்லை. நேராக அலமாரியைத் திறந்தாள்.

"நீது, எனக்கும் தெரியாது. நான் வச்சதே இல்ல. கூட்டத்துல சொல்லிட்டு வந்துட்டேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"எல்லார் முன்னாலயும். பொட்டலமும் என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

நீது அவளையே பார்த்தாள். "ஏன் அம்மே?"

"உன்னோடதுன்னு சொன்னா உனக்கு ஊர் வைக்கிற பேர் செத்தாலும் போகாது. எனக்கு ஏற்கெனவே நாலு பேர் இருக்கு, அதோட இதுவும். இப்ப உனக்குத் தூரம்தானே? இன்னைக்கு வாய்க்கால்லயும் போட முடியாது, ஆத்துலயும் போடக் கூடாது. என்ன பண்ணப் போறோம்?"

கப்பை எதில் கொதிக்க வைப்பது என்பதில் தொடங்கியது சண்டை. மீன் சட்டி கூடாது என்றாள் நீது. சோற்றுப் பானை கூடாது என்றாள் விலாசினி. புட்டுக்குடத்தை எடுத்தபோது இருவருமே சதானந்தனின் காலைப் புட்டை நினைத்துக்கொண்டு திரும்ப வைத்துவிட்டார்கள். கடைசியில் காது போன ஒரு அலுமினியக் கிண்ணம் கிடைத்தது.

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, பயிற்சி வகுப்பில் கேட்டு வீடு வீடாக ஒப்பித்ததையெல்லாம் விலாசினி மறுபடியும் ஒப்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லும் நிஜமாகவே வேலை செய்தாக வேண்டும்.

"கைய நல்லாக் கழுவினியா? குந்தி உக்காரு. மடிச்சுக்கோ. மூச்ச விடு."

"விட்டா கப்பும் விரிஞ்சுடுது அம்மே!"

"எங்க?"

"கைக்குள்ளயே! ஐயோ, எகிறிடுச்சு!"

"எங்க எகிறிச்சு?"

"வாளிக்குள்ள!"

மறுபடி கொதிக்க வைத்தார்கள். மறுபடி கதவு சாத்திக்கொண்டது. உள்ளே வெகுநேரம் சத்தமில்லை. விலாசினி கதவுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள்.

"மோளே?"

"இருங்க."

கதவு திறந்தது. வியர்த்துப் போய் நின்றாள் நீது. ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி.

"இருக்குன்னே தெரியல." கொஞ்சம் யோசித்தாள். "எடுக்கும்போது வரலைன்னா?"

"காம்ப மட்டும் பிடிச்சு இழுக்கக் கூடாது. அடிய அமுக்கினா காத்துப் போயி வந்துடும்."

"நிஜமா?"

"அப்படித்தான் சொன்னாங்க," என்றாள் விலாசினி. பொய் சொல்லாமல் பேசும்போது பழைய தைரியம் குரலுக்கு வரவில்லை.

வெளிச்சம் மங்கும் முன்பே பறை ஓடத் தொடங்கிவிட்டது. கரை முழுக்க அதிர்ந்தது. தூக்குவாளியில் சதானந்தனுக்குச் சாயா எடுத்துக்கொண்டு உள்வாய்க்கால் ஓரமாகவே கொட்டகைக்கு நடந்தாள் விலாசினி. அவன் தூக்கை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான். சாயாவை முழுக்கக் குடித்தான்.

"நீது எப்படி இருக்கா?"

"இருக்கா. இனி அவ போட மாட்டா."

"அவ போட்டது மட்டும்னு நினைச்சியா?" அவன் கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஊதாக் கவர் நம்ம வீட்டுதுன்னு தெரிஞ்சு நான் எடுத்துட்டு வந்துட்டேன். கருப்புக் கவர்ல அதவிட நிறைய இருந்துச்சு. அதக் கரையிலதான் எடுத்துப் போட்டிருந்தேன். அவறாச்சன் விடியக்காலைல வந்தார். பாத்தார். குடையால தள்ளித் திரும்பத் தண்ணிக்குள்ளயே விட்டுட்டார்."

"எதுக்கு?"

"வாய்க்கால் ஓரமா பின்வாசல் வச்ச வீடு இந்தப் பக்கம் எத்தனை இருக்கு? நம்ம வீடு. அப்புறம்?"

இன்னொன்று அவறாச்சனின் வீடு. அவறாச்சனின் இரண்டு மகள்கள் எர்ணாகுளத்திலிருந்து லீவுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஆற்றில் போட மனம் வந்திருக்காது.

"இத நீங்க ஏன் கூட்டத்துல சொல்லல?"

"அதுங்களும் சின்னப் பொண்ணுங்கதானே," என்றான் சதானந்தன்.

தூக்கை வாங்கிக்கொண்டு திரும்பினாள். பறை இழுக்கிற இழுப்பில் வாய்க்கால் தண்ணீர் அவளுக்கு எதிராக, கொட்டகையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பாசித் துண்டுகள் வந்தன. ஒரு தேங்காய் மட்டை வந்தது. அதற்குப் பின்னால், மெல்லச் சுற்றிக்கொண்டே, ஒரு கருப்புக் கவர் வந்தது.

விலாசினி தூக்கைப் போட்டுவிட்டு வாய்க்காலில் குதித்தாள். சேறு முழங்காலைப் பிடித்தது, தண்ணீர் மாரை முட்டியது. கவர் கைக்கு எட்டாமல் நழுவிப் பறைப் பக்கம் போனது. ஒரு காலைச் சேற்றிலிருந்து பிடுங்கி, முன்னால் விழுந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்தாள். முடிச்சு அவிழவில்லை. மெத்தென்று இருந்தது.

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிர்க்கரையில் குடை தெரிந்தது.

"அப்போ இதுவும் உன்னோடதுதானா, விலாசினி?" என்று கேட்டார் அவறாச்சன்.